திட்டில் நின்ற சம்சாரி

இன்று காலை, உன் மகள் தந்துவிட்டுப் போன சாக்கின் வாயை அவிழ்த்தேன். அடுக்கடுக்காக ஆறு தும்மல். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "யாரு, சம்சாரி வந்துட்டாரா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஆனாலும் குண்டு மிளகாய் நெடி வந்தால் பின்னாலேயே நீ வருவாய் என்றுதான் இந்த வீட்டுக்குப் பழக்கம்.

அபிராமம் பக்கத்துக் கரிசல்காட்டில் பயிர் செய்யும் சம்சாரி நீ; ஒவ்வொரு பங்குனிக்கும் இரண்டு சாக்கு மிளகாயோடு பஸ் ஏறி, கடற்கரையில் இருக்கும் என் வீட்டுக்கு வருவாய். உள்ளே வரும் முன்பே, "ஏலே மாப்ள, கருவாடு காஞ்சிருச்சா?" என்று கேட்பாய். மிளகாய்க்குக் கருவாடு, அதுதான் நமக்குள் கணக்கு. எது எவ்வளவு என்று நாம் ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸில் உன் பக்கத்துச் சீட்டு எப்போதும் காலியாக இருக்கும் என்று பெருமையாகச் சொல்வாய். மனிதர்கள் மிளகாய்க்குப் பயந்து ஓடுகிறார்கள் என்பது உனக்குத் தோன்றவே தோன்றாது.

விழாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று முன்தினம் நடந்தது. அக்கரையில் சண்டை நடந்த காலத்தில், அங்கிருந்து தப்பி வந்தவர்களைப் படகுக்காரர்கள் பாதிக் கடலில் மணல்திட்டில் இறக்கிவிட்டு, "இதுதான் ராமேஸ்வரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் அல்லவா. அப்படித் தவித்தவர்களைக் கரை சேர்த்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று, அன்று கரையேறிய குடும்பங்களும் நம் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள். ஒரு மாதம் முன்பு பெயர்ப் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தார்கள். ஒன்பது பெயர், ஒன்பதும் வள்ளம் ஓட்டிய மீனவர்கள். என் பெயர் மூன்றாவது. உன் பெயர் இல்லை.

"என்கூட வந்த சம்சாரி பேரக் காணோமே?" என்று கேட்டேன்.

பட்டியல் எழுதியவர் சிரித்துவிட்டார். "யாரு, அந்தத் தும்மல் சம்சாரியா? அவரு போற வழியெல்லாம் வாந்தியெடுத்தவருதானண்ணே. நீங்கதான டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிக்க வப்பீங்க."

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். எழுதியவர்மேல் என்ன தப்பு? முப்பது வருடத்துக்கு மேலாக டீக்கடையில் உட்கார்ந்து உன்னை அப்படி ஆக்கி வைத்தவன் நான்தான். அதை நான்தான் மாற்ற வேண்டும். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் கதையின் மறுபாதியைச் சொல்ல வேண்டும். அதை நான் என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த நாளை நீயும் மறந்திருக்க மாட்டாய். காலையிலேயே நல்ல வெயில். நீ சாக்கை இறக்கி வைத்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள், கடலுக்குப் போய் வந்த ஒருவர் ஓடி வந்து, திட்டில் ஆட்கள் துணியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள், தன் வள்ளம் நிறைய வலை, ஏற்ற முடியவில்லை என்றார். என்னோடு வழக்கமாக வரும் மச்சானுக்குக் காய்ச்சல். இன்னொரு கை இல்லாமல் போக முடியாது.

"ஆளுதான வேணும்? நான் வாரேன்," என்றாய்.

"உனக்கு நீச்சல் தெரியுமாப்பா?"

"எங்க கம்மாயில மொழங்காலுக்குத் தண்ணி நின்னா அதுவே வெள்ளம். அங்கன எங்கிட்டு நீந்த? நிக்கத் தெரியும், போதும்ல."

நான் வள்ளத்தின் பாயைச் சரிசெய்வதற்குள் நீ இரண்டு குடம் தண்ணீரைத் தூக்கி வந்துவிட்டாய். இரண்டு குடத்திலும் வேப்பங்கொத்து மிதந்தது. மாரியம்மன் கோயிலுக்கா போகிறோம் என்று கேலி செய்தேன். தண்ணீர் அலம்பிச் சிந்தாமல் இருக்க உன் ஊர்ப் பெண்கள் இப்படித்தான் இரண்டு மைல் நடப்பார்கள் என்றாய். திட்டுக்குப் போய்ச் சேரும்வரை குடத்தில் இருந்தது சிந்தவில்லை. உன் வயிற்றில் இருந்ததுதான் மிச்சமில்லாமல் கடலுக்குப் போனது. நாலு தடவை எடுத்தாய். ஒவ்வொரு தடவையும் கடலிடம், "தப்பா நெனச்சுக்காத ஆத்தா," என்று மன்னிப்புக் கேட்டாய்.

திட்டில் பதினோரு பேர். முதல்நாள் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. குடத்தைப் பார்த்ததும் பாய்ந்து வந்தவர்களைக் கையை நீட்டித் தடுத்தாய். எனக்குக் கோபம் வந்தது. நீ அசையவில்லை. "கடகடன்னு குடிச்சா வயித்தப் புடிக்கும். வெயில்ல களையெடுத்துட்டு வாரவுகளுக்கு நாங்க இப்புடித்தான் குடுப்போம்," என்று சொல்லி, மடியிலிருந்த கருப்பட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டு, ஒரு வாய்த் தண்ணீர், பிறகு ஒரு வாய் என்று கொடுத்தாய். கடலில் பிறந்த எனக்கு அது தெரியாது.

பிறகுதான் வினை. சின்னப் பிள்ளைகள் நாலு பேர், தோல் உரிந்து போயிருந்தது. நீ சும்மா இருப்பாயா? மிளகாயை என் வாசலில் கொட்டிவிட்டு, வெயிலுக்குப் போர்த்த ஆகும் என்று அந்தக் காலிச் சாக்குகளைக் கொண்டு வந்திருந்தாய். பிள்ளைகளை வள்ளத்தில் உட்கார வைத்து, தலையோடு மூடிவிட்டாய். ஒன்று தும்மியது. அடுத்தது தும்மியது. அப்புறம் தாய்மார்கள், நான், எல்லோரும். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கல்லாய் உட்கார்ந்திருந்த ஒரு பெண், தும்மலுக்கு நடுவே சிரிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளும் சிரித்தன. டீக்கடையில் நான் சொல்லும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்து போவார்கள்.

முடியாத பாதி இதுதான். எல்லோரும் ஏறியதும் வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கூட இடைவெளி இல்லை. ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, பிள்ளையளைக் கொண்டு போங்கோ. நான் நிக்கிறன்," என்றார். நீ அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாய். "நீங்க இருங்கய்யா. நான் எறங்குனா ரெண்டாளு எறங்குன மாதிரி," என்று சொல்லிவிட்டு, காலிக் குடம் ஒன்றோடு மணலில் குதித்தாய். நீந்தத் தெரியாத நீ. வாந்தியெடுத்து முகம் வெளிறிப் போயிருந்த நீ.

"இந்தா, எறக்கிவிட்டுட்டு வந்துருதேன்," என்றேன்.

"மெதுவா வா. இங்கன நான் என்ன, உழவா ஓட்டப் போறேன்?"

கரையில் கூட்டம் கூடியிருந்தது. பதினோரு பேரையும் இறக்கினேன். அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், அது கொஞ்ச நேரம்தான். அதன்பின் யாரோ எனக்குச் சோறும் மீன்குழம்பும் போட்டார்கள். தின்றேன். சுற்றி நின்றவர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். வாந்தியைச் சொன்னேன், சாக்கைச் சொன்னேன், தும்மிக் காட்டினேன். சிரித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மறுபடி சொன்னேன். அந்தக் கதையை நான் முதன்முதலில் சொன்னது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நீ திட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தபோது.

முதுகில் காற்று மாறி அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தென்காற்று வலுத்தால் அந்தத் திட்டின் முக்கால்வாசி தண்ணீருக்குள் போய்விடும். அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பாயை விரித்தேன். வழியெல்லாம் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

நீ நின்றுகொண்டிருந்தாய். தொடைவரை தண்ணீர். குடத்தைக் கவிழ்த்துக் கட்டிப் பிடித்திருந்தாய். என்னைப் பார்த்ததும் திட்டப் போகிறாய் என்று நினைத்தேன். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்க நீ கேட்ட முதல் கேள்வி, "அவுக எல்லாம் கஞ்சி குடிச்சாகளா?"

"குடிச்சாக."

"நீ சாப்டியா?"

"இன்னும் இல்ல."

நெஞ்சறிந்த பொய். "அப்ப வா, சேந்து சாப்டுவோம்," என்றாய். என் வீட்டில் இரண்டு தட்டு வைத்தார்கள். உன் எதிரில் உட்கார்ந்து, கழுத்துவரை நிறைந்த வயிற்றில் மறுபடி சோற்றைத் திணித்தேன். நீ மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாய்.

இதை எல்லாம் நேற்று முன்தினம் மேடையில் சொன்னேன். ஐந்து நிமிடம் தந்தார்கள், பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தது நான், உன்னை மறந்து சோறு தின்றதும் நான் என்று மைக்கில் சொன்னேன். என் கழுத்தில் போட்ட சால்வையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். பட்டியல் எழுதியவர் எழுந்து வந்து, என் கண் முன்னாலேயே பத்தாவது பெயரை எழுதினார். அதோடு சரி, மனப்பாரம் இறங்கியது என்று நினைத்துக் கீழே வந்தேன்.

முன்வரிசையில் உன் மகள் உட்கார்ந்திருந்தாள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்களுக்குத் தெரியும் மாமா. அய்யா எப்பவோ சொல்லிட்டாக."

"என்னத்தச் சொன்னாரு?"

"நீங்க முன்னாடியே சாப்ட்டத. வள்ளத்துல தூக்கிவிட்டப்ப உங்க கையில மீன்கொழம்பு வாசம் அடிச்சுச்சாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு மனுசன் வயிறு நெறஞ்சிருந்தும், எனக்குத் தொணைக்குன்னு இன்னொரு தட்டுத் தின்னான் பாரு, அவனத்தான் மாப்ளன்னு கூப்புடணும்னு சொல்லுவாக."

அட பாவி மனுஷா. தெரிந்திருந்தும் இத்தனை பங்குனி வந்து போனாயே. டீக்கடையில் நான் தும்மிக் காட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் சேர்ந்து சிரித்தாயே. உன்மேல் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. கோபமும் இல்லை, எனக்கு அழுகை வந்தது, அவ்வளவுதான்.

விழா முடிந்து பந்தி. முதல் பந்தியிலேயே என்னை உட்கார வைத்து, வயதானவர் என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். அன்று அந்தச் சாக்குக்குள் தும்மிய பிள்ளைகளில் இரண்டு பேர், இப்போது தலை நரைத்தவர்கள், உன் மகளைப் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட பிறகு, எல்லோரும் எழுந்துபோன பந்தியில் அவள் மட்டும் தனியாக ஓர் இலை முன்னால் போய் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து கேட்டாள்.

"மாமா, நீங்க சாப்டீகளா?"

"இன்னும் இல்ல தாயி," என்று சொல்லிவிட்டு, பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.