பச்சை விளக்கு

லம்மோய் தீவு
10 செப்டம்பர் 2024

அருமைத் தம்பி ஷூருக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் நலம், நாற்பத்திரண்டு ஆடுகளும் நலம். நீ மாட்டிவிட்டுப் போன மூன்று பெட்டிகளும் வீட்டில் ஒன்று, ஆட்டுக் கொட்டகையில் ஒன்று, படகுத்துறையில் ஒன்று என்று உட்கார்ந்து என்னை வேவு பார்க்கின்றன. தபால்படகு ஈவார் நேற்று அவற்றைப் பார்த்துவிட்டு, "கூன்வோரு, உன் தம்பி நாப்பத்தி நாலு வயசுல ஸ்கூலுக்குப் போறானாமே, டிபன் டப்பா கட்டிக் குடுத்தியா?" என்று கேட்கிறான். முதலாளி படகை விற்றுவிட்டால் அதில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் வேறென்ன செய்வான் என்று ஈவார் வாயை அடைத்தேன்.

பேசியபடி, நான் நலம் என்று உனக்குத் தெரிய, தினமும் காலையில் எழுந்ததும் வீட்டுப் பெட்டியின் பொத்தானை அமுக்குகிறேன். போன் சிக்னல் கிடைக்கக் குன்றின் மேல் ஏற வேண்டும், என் முட்டி ஏற விடாது. "பொத்தான அமுக்கு, இல்லன்னா நகரத்துக்கு வந்துடு"ன்னு நீ மிரட்டினாயே, அந்த நகரத்துக்குப் பயந்துதான் அமுக்குகிறேன். நன்றாகச் சாப்பிடு.

அக்கா கூன்வோர்

---

ட்ரொண்ட்ஹெய்ம்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஈவாரிடம் சொல், வகுப்பிலேயே எனக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்று. நகரத்தில் ஒரு பெரிய கணினியை வைத்து எல்லாவற்றையும் பார்ப்பது பழைய கதை. வேலையைச் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, நடக்கிற இடத்திலேயே கணக்குப் போட வைப்பதுதான் என் படிப்பு. பெட்டிகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை சமாளிக்க வேண்டும். எங்கள் ஆசிரியை ராக்னா, "ஸ்க்ரீன் வெறுமையாச்சுன்னா நீங்க தோத்துட்டீங்கன்னு அர்த்தம்"னு கறாராகச் சொல்லிவிட்டார். என் திரை ஒருநாளும் வெறுமையாகாது. அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன், ராக்னாவே பாராட்டினார்.

தினமும் நீ பொத்தானை அமுக்கியதும் என் திரையில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி இறங்குகிறது. உன் தீவுக்கு எதிர்க்கரைத் துறைமுகத்து மீட்பு நிலையத்திலும் அதே திரையை வைத்திருக்கிறேன். அங்கே வேலை பார்க்கும் ஒட்லைவ் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறன்று ஏழரை வரை தூங்கினாயாமே, சோம்பேறி! எனக்கு எல்லாம் தெரியும்.

உன் தம்பி
ஷூர்

---

லம்மோய்
1 அக்டோபர் 2024

தம்பி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் இந்தத் தீவிலேயே இல்லை. என் பள்ளித் தோழி ஓஸ்லாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சனிக்கிழமையே கரைக்குப் போய்விட்டேன். திங்கள் மத்தியானம்தான் திரும்பினேன். வீடு பூட்டியிருந்தது, சாவி என் கோட்டுப் பையில்.

ஏழரை மணிக்கு என் வீட்டில் எழுந்தது யார்?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுவது ஏழரைக்குத்தான். திருடனுக்கு எதற்கு என் பழக்கம்? அலமாரி, பரண், உருளைக்கிழங்கு நிலவறை எல்லாம் பார்த்துவிட்டேன். ஒரு கோப்பைகூட இடம் மாறவில்லை. இரண்டு நாளாகக் கதவைத் தாழிட்டுத்தான் உட்காருகிறேன். அறுபது வருஷத்தில் இங்கே யாரும் தாழ்ப்பாள் போட்டதில்லை.

ஒன்று செய்கிறேன். நாளை புதன் தொடங்கி வெள்ளி வரை அந்தப் பொத்தானைத் தொட மாட்டேன். உன் திரையில் என்ன வருகிறது என்று உடனே எழுது.

கூன்வோர்

---

ட்ரொண்ட்ஹெய்ம்
5 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நீ கேட்டபடி பார்த்தேன். புதன் 6:41, வியாழன் 6:38, வெள்ளி 6:45. மூன்று நாளும் பச்சை. மத்தியானம் கதவு வழக்கம்போல் திறந்ததாகக் கொட்டகைப் பெட்டியும் சொல்கிறது.

கோபப்படாமல் கேள். நீ அமுக்கிவிட்டு மறந்துபோகிறாய். தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போகிறது. ஓஸ்லாவின் பிறந்தநாளும் வேறு வாரமாக இருக்கும், தேதி குழம்பியிருப்பாய். பெட்டிக்குக் குழம்பத் தெரியாது. இது ஒன்றும் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. இங்கே நல்ல டாக்டர் ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன். குளிர் வருவதற்குள் ஆடுகளை ஈவாரிடம் விட்டுவிட்டு வந்துவிடேன். எனக்காக.

அன்புடன்
ஷூர்

---

லம்மோய்
15 அக்டோபர் 2024

ஷூர்,

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுத எட்டு வரிதான் செலவழித்திருக்கிறாய். பரவாயில்லை, கையெழுத்தாவது நன்றாக இருக்கிறது.

உன் வீட்டுப் பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதை நிலவறையில் உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டேன். வைத்து ஆறு நாள் ஆகிறது. அதற்கப்புறமும் நான் காலையில் எழுந்துகொண்டுதான் இருக்கிறேனா? பார்த்துச் சொல். ஈவார் இப்போதுதான் துறையிலிருந்து கத்தினான்: "ஒட்லைவ் சொன்னாரு, இன்னிக்கும் கரெக்டா எந்திரிச்சிட்டியாமே!"  ஒட்லைவ் திரையில் பார்த்த கூன்வோர் யாரோ, அவளுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு இல்லை. ஞாயிறன்று துறைப் பாசியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிக் கிடக்கிறது. ஈவாரிடம் சொல்லியிருக்கலாம், வீம்பு விடவில்லை. சொன்னால் உடனே நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பெட்டி சொல்லுமா? நான் சொல்வதை நம்புவாயா, அது சொல்வதை நம்புவாயா? பதில் எழுதுடா. காத்திருக்கிறேன்.

அக்கா

---

துறைமுக மீட்பு நிலையம்
28 அக்டோபர் 2024

அக்கா,

உன் கடிதம் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. திட்டியிருப்பாய் என்று தெரியும். தேர்வு முடியட்டும் என்று பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். தினமும் பச்சைதான் எரிகிறதே என்று இருந்துவிட்டேன். நேற்று மத்தியானம்தான் பிரித்தேன்.

நீ மறக்கவில்லை. நீ சொன்னது எல்லாம் நிஜம். உன் வீட்டில் யாரும் இல்லை, அக்கா, செய்தது நான். ஒரு பெட்டியிலிருந்து வழக்கமான சேதி வராவிட்டால், வேலை செய்கிற பெட்டிகள் பழைய கணக்கைப் பார்த்து, அது வழக்கமாக என்ன சொல்லுமோ அதை அதன் பெயரில் சொல்ல வேண்டும் என்று நிரலில் எழுதி வைத்தேன். உன் பழைய நாட்களைப் பார்த்து அவை புது நாட்களைத் தயாரித்திருக்கின்றன. ஞாயிறென்றால் ஏழரை. மற்ற நாட்களில் ஆறு நாற்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னே பின்னே. நீ அமுக்காத பொத்தானை உனக்காக அவை அமுக்கின. இதற்குத்தான் ராக்னா கைதட்டினார். திரையில் வந்ததை நம்பி என் சொந்த அக்காவைப் பைத்தியமாக்கப் பார்த்தேன்.

அந்த வரிகளை என் கணினியில் நீக்கிவிட்டுப் பார்த்தேன். துறைப் பெட்டி பன்னிரண்டு நாளாகப் பேசவே இல்லை. கொட்டகைக் கதவு கடைசியாக உண்மையில் திறந்தது பதினேழாம் தேதி மாலை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மத்தியானமும் மிச்சமிருந்த கொட்டகைப் பெட்டி தானாகவே தயாரித்தது.

உடனே ஒட்லைவுக்குப் போன் செய்தேன். "அட, பயப்படாதப்பா, இன்னிக்குக் காலையிலகூட எந்திரிச்சிருக்காளே" என்று சிரித்தார். புயலால் போன செவ்வாய் தபால்படகு போகவில்லை. பச்சை எரிந்ததால் யாரும் கவலைப்படவும் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுபோயிற்று.

இரவெல்லாம் வண்டி ஓட்டி இங்கே வந்து சேர்ந்தேன். அலை கொஞ்சம் தணிந்திருக்கிறது, மீட்புப் படகு கிளம்புகிறது. நானும் போகிறேன். நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதம். கையிலேயே கொண்டுவருகிறேன். கதவு தாழிட்டிருந்தால் உடைப்போம், அதற்கும் சேர்த்துத் திட்டு. உன்னை நம்புகிறேன், அக்கா. உன்னை மட்டும்தான்.

இங்கே நிலையத்துத் திரையில் இன்னும் பழைய வரிகளே ஓடுகின்றன. இன்று காலை 6:43க்கு எழுந்துவிட்டாய் என்று பச்சையாக எரிகிறது. "இத நிறுத்திட்டு வாப்பா"ன்னு ஒட்லைவ் சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டார். அது பொய் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நிறுத்த எனக்குக் கை வரவில்லை.

ஷூர்