கிணற்றுப் பங்கு

வியாழன், இரவு.

நாளைக்கு வீட்டு உறுதிப் பத்திரம் எழுத இருந்தது. வட்டக்கச்சி வீட்டை இனி நாங்கள் வாங்கப் போவதில்லை.

பின்னேரம் மூன்று பேரும் கடைசியாய் ஒருக்காப் பார்க்கப் போனோம். மகள் உள்ளே ஓடி, சன்னலோரம் தன் கட்டிலுக்கு இடம் பிடித்தாள். கிணறு பக்கத்து வீட்டோடு பங்கு. நான் வாளியை இறக்க, அந்த வீட்டு அம்மா வேலிக்கு வந்தா. சிரித்த முகம்.

"உங்கட ஆக்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தால வந்தவையாமே?"

"ஓம் அம்மா. நான் பிறந்தது இங்கதான்."

"குறை நினைக்காதேங்கோ பிள்ளை. இது நாங்கள் சாமிக்கு எடுக்கிற தண்ணி. நீங்கள் குழாய்க்கிணறு ஒண்டு அடிச்சால் நல்லது."

வாளியை வெறுமையாகவே மேலே இழுத்தேன்.

வரும் வழியில் இவர், "குழாய்க்கிணறு அடிப்பமே?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் தரகருக்குப் போன் எடுத்து, "மனுசிக்கு வீடு பிடிக்கேல்லையாம்" என்றார். வேறு என்னத்தைச் சொல்வார்.

மகள் அதைக் கேட்டுவிட்டாள். படுக்கும்போது, "ஏனம்மா உங்களுக்குப் பிடிக்கேல்லை?" என்று அழுதாள்.

"அறைகள் சின்னன்" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நாளைக்கும் என்னோடு கதைக்க மாட்டாள் போல. கதைக்காமல் இருக்கட்டும். அந்த அம்மா சொன்னது இவளுக்கு விளங்க இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும்.