பட்டம்மாள் வயலில் விழுந்த கிழிசல்

காசிமேட்டுக் குப்பம்,
ராயபுரம், சென்னை-13.
1954 நவம்பர் 8.

கடலைப் பார்த்து வளர்ந்து, இப்போது நீடாமங்கலத்துப் பக்கம் வரப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என் தம்பி கருணாகரனுக்கு, அக்கா பச்சையம்மா நிறைய ஆசியும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திட்டும் சேர்த்து எழுதுவது. இங்கே நைனாவும் நானும் சுகம். நீ சுகமில்லை என்பது உன் கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "அன்புள்ள அக்கா அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தாய். எப்போதும் "ஏ பச்ச" என்றுதானே எழுதுவாய், கழுதை.

வேலையை ராஜினாமா செய்துவிட்டு அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். வராதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத எழுத எனக்கு மனசு இளகிவிடும், கடைசியில் வா என்று எழுதினாலும் எழுதிவிடுவேன். அப்படி எங்காவது எழுதியிருந்தால் நம்பாதே.

உன் கடிதத்தை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். நிறுத்தி நிறுத்திக் கேட்டதில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. விவசாய இலாகா மேஸ்திரி என்று சைக்கிளில் ஊர் ஊராகப் போய், சீமை உப்பு என்கிற அந்த வெள்ளை உரத்தைப் போட்டால் நெல் இரண்டு பங்கு விளையும் என்று நீ தொண்டை கிழியக் கத்தியதையும், ஒருவரும் வயலைக் காட்டாதபோது பட்டம்மாள் என்கிற அந்தக் கைம்பெண் மட்டும் தன் ரோட்டோரத்து வயலைக் காட்டி, இதில் போட்டுக் காட்டு தம்பி என்றதையும் நைனா கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பட்டம்மாளுக்கு இருப்பதே அந்த ஒரு வயல்தான் என்ற இடம் வந்ததும் தலை நின்றுவிட்டது.

பிறகுதான் நீ செய்த காரியம். மண்ணோடு கலந்து, பனி காய்ந்த பிறகு, பட்டும் படாமல் வீசச் சொல்லி உன் அதிகாரி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்க்க, நீ காலைப் பனியிலேயே இறங்கி, வெறும் உப்பைப் பிடி பிடியாக அள்ளி ஓர் இண்டு இடுக்கு விடாமல் போட்டுவிட்டாய். ஏன் அப்படிச் செய்தேன் என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியுமடா. நைனாவுக்கும் தெரியும். கேட்டதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அப்புறம் எனக்கு அழுகை வந்தது.

நம் அம்மா மணலில் நம்மை உட்காரவைத்து மீனுக்கு உப்பு போடச் சொல்லிக் கொடுத்தாளே, நினைவிருக்கிறதா? அடுக்குக்கு அடுக்கு அள்ளிப் போட வேண்டும். ஒரு மீனின் செதில் கண்ணில் பட்டாலும் நம் கையில் அடி விழும். "சந்து வுட்டா புழு வெக்கும், அள்ளிப் போடுடா கஞ்சப் பயலே" என்று உன்னைத்தான் அதிகம் திட்டுவாள். வெள்ளையாக, பொடிப்பொடியாக, உள்ளங்கையில் ஈரமாக ஒன்று வந்ததும் உன் கை அம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறது, அதிகாரி சொன்னதைக் கேட்கவில்லை. அவள் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கடலே இல்லாத ஊரில், உன் கையில் அவள் இருந்திருக்கிறாள். அதற்காக உன்னை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பட்டம்மாளின் பயிர் கருகியது கருகியதுதான். "கடல்காரன் வந்து கழனியில் உப்பைக் கொட்டினான்" என்று ஊரார் சிரிக்கிறார்கள், இனி அந்தப் பக்கம் ஒருவரும் உர மூட்டையைத் தொடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொண்டாயாம். பட்டம்மாள் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், வெயிலில் நிற்காதே தம்பி என்று மோர் கொடுத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நைனா படிப்பதை நிறுத்தச் சொன்னார். "குட்சிட்டானா?" என்று கேட்டார். குடித்துவிட்டான் நைனா என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏனென்று உனக்குப் புரிந்திருக்கும். நீ நெல் விளைகிற ஊர்க்காரனாகவே மாறிப்போயிருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். நம் குப்பத்தில் ஒருவன் கட்டுமரம் இன்னொருவன் வலையில் ஏறிக் கிழித்துவிட்டால், கிழித்த வீட்டார் அத்தனை பேரும் நூலும் ஊசியும் எடுத்துக்கொண்டு போய், கிழிபட்டவன் வாசலில் உட்கார்ந்து பின்ன வேண்டும். வலை முழுசாகி மறுபடி தண்ணீரில் இறங்கும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. கோதண்டம் மாமாவின் வலையை நைனா கிழித்தபோது நாம் எல்லோரும் போய் உட்காரவில்லையா? நீ அம்மா மடியில் கிடந்தாய், உனக்கு எங்கே தெரியும்! மாமா வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனையில் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அம்மா கண்ணாலேயே மிரட்டினாள்.

நீ பின்னுவதற்கு முன்னாலேயே குடித்துவிட்டாய். அதனால்தான் நைனா, "அந்தம்மா வயல கீசிட்டு, மோரையும் குட்சிட்டு, இவன் வூட்டுக்கு வந்து இன்னா பண்ணப் போறான்? எந்த மூஞ்சியோட வருவான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உனக்காகத் தவித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் வேலை செய்கிற உரக் கிடங்குச் செய்தியும் கொஞ்சம் சொல்கிறேன். மழையால் ஹார்பரில் கப்பல்கள் தாமதம். வந்த உர மூட்டைகளும் ஈரம் குடித்துப் பாறையாகக் கிடக்கின்றன. கொக்கி பட்டுக் கிழிந்த சாக்குகளை நானும் ரஹீமுன்னிசாவும் தைத்துக்கொண்டே இருக்கிறோம். உன் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். அவள் பார்த்த மாத்திரத்தில், "இன்னா பச்ச, மூஞ்சியே ஒரு மாரி கீது, தம்பி கைல சண்டையா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் டோல்கேட் ரேஷன் கடை வாசலில் அவள் அம்மாவும் நம் அம்மாவும் கால் கடுக்க நின்று, புழுத்த அரிசியைத் துணியில் முடிந்துகொண்டு வந்த கதையைச் சொன்னாள். இதே ஹார்பரில் அப்போது வெளிதேசத்து அரிசிக்கும் கோதுமைக்கும்தான் ஜனங்கள் வாய் பார்த்திருந்தார்கள். இப்போது எரு மூட்டை வருகிறது. "நம்ம கைல தச்சி அனுப்பறது சோறுதான் பச்ச. நடுவுல ஒரு கழனியும் ஒரு ஆளும் வோணும், அவ்ளோதான். அந்த ஆளு உன் தம்பி. அவன் ஓடியாந்துட்டா மூட்ட எங்க போவும்?" என்றாள். நான் எழுத நினைத்ததை அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை. ஆடி மாதக் கடிதத்தில், மதராஸ் மூட்டைகளில் சிலவற்றின் வாய் அவிழவே மாட்டேன் என்கிறது, எவளோ ஒரு பிசாசு முடிச்சுப் போட்டிருக்கிறாள், கத்தியால்தான் அறுக்கிறோம் என்று எழுதியிருந்தாயே. அந்தப் பிசாசு நான்தான். தஞ்சாவூர் வேகன் என்று சொன்னால், அந்த மூட்டைகளுக்கு மட்டும் நம் வலை முடிச்சைப் போட்டு அனுப்புவேன். ஒன்றாவது உன் கைக்கு வராதா, நீ கண்டுபிடிக்க மாட்டாயா என்று ஓர் ஆசை. கட்டுமரக்காரன் மகன் வலை முடிச்சைக் கத்தியால் அறுத்திருக்கிறாய், வெட்கமாக இல்லை?

நைனாவின் கண்ணைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். டாக்டர் நல்ல மனுஷர். விளக்கை வைத்து நிதானமாகப் பார்த்தார். மருந்து எதுவும் எழுதவில்லை. சொட்டு விடும்போது நைனா போடுகிற கூச்சலிலிருந்து தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆசைப்பட்டதை எல்லாம் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள் பெரியவரே என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நைனா திரும்பி வரும் வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு கதை பேசிக்கொண்டே வந்தார். வலை பின்னுவது எப்போதும் போலத்தான், இன்னும் வேகமாகக்கூடப் பின்னுகிறார். நீ அதைப் பற்றி யோசித்துக்கொண்டு கிடக்காதே.

இப்போது முக்கியமான சங்கதி. தண்ணீரை வடித்துப் புதுத் தண்ணீர் விட்டால் வேர் பிழைக்கும், செத்த இடங்களில் வேறு நாற்று வைத்து நிரப்பினால் கொஞ்சம் பிந்தியாவது விளையும் என்று அதிகாரி சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். ஆள் வைத்து நடப் பட்டம்மாளால் முடியாது என்றும் எழுதியிருக்கிறாய். இதைக் கேட்டதும் நைனா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நடுநடுவே ஓட்டை, சுற்றிலும் நல்லது, ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டும், அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான் நைனா என்றேன். "அது வல தாம்மே. கெளம்பு" என்றார்.

சேற்றில் இறங்கி நட உங்களால் ஆகுமா, கண் வேறு இப்படி என்று இழுத்தேன். "ஓட்ட எங்க கீதுன்னு கை சொல்லும். நீ நாத்த எட்த்துக் குடு, போதும்" என்றார். பிறகு, பயிர் காற்றில் கடல் மாதிரியே அசையுமாமே, கருணா எழுதியிருந்தானே, அதையும் பார்க்கணும் என்றார். பொங்கலுக்குப் போகலாம், அப்போது கதிர் முற்றி அழகாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பால வாணாம். இப்பவே போவணும்" என்றார்.

ஆகவே நாங்கள் வருகிறோம். கப்பல் இல்லாததால் கிடங்கில் லீவு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நீடாமங்கலத்தில் இறங்குவோம். வலை முழுசாகும்வரை, அதாவது நாற்று வேர் பிடிக்கும்வரை, பட்டம்மாள் வீட்டில் மோர், தண்ணீர், எதற்கும் கை நீட்டமாட்டோம். அரிசியும் சட்டியும் எடுத்து வருகிறோம். நீயும் அதுவரை எதையும் வாங்கிக் குடிக்காதே, குடித்த மோர் போதும். நாங்கள் யார், எதற்கு வருகிறோம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி, வயலில் இறங்க அனுமதி கேட்டு வை. எல்லாம் முடிந்ததும் அவர் கையால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம் என்றும் சொல். நெத்திலிக் கருவாடு கொண்டுவரலாமா, அவர்கள் கவிச்சி தொடுவார்களா என்று தெரியவில்லை. எதற்கும் தனி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறேன். அவர் வேண்டாம் என்றால் நீ தின்னு. இளைத்திருப்பாய்.

ராஜினாமாக் கடிதத்தை எழுதியிருந்தால் கிழித்துப் போடு. நைனா வரும்போது நீ மேஸ்திரியாகத்தான் நிற்க வேண்டும். காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். கிழித்தவன் குடும்பத்தோடு வந்து சேற்றில் இறங்கியிருக்கிறான் என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். உன் கை வீசுகிற ஒவ்வொரு பிடியும் இனி யாரோ ஒருவர் வீட்டில் சோறாகட்டும், என் கண்ணே.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கம்போல ஸ்டேஷனில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, திடீரென்று வந்து என் பின்னலை இழுக்கிற வேலையெல்லாம் இந்தத் தடவை வேண்டாம். ரயில் நிற்கிறபோதே, நாங்கள் இறங்குவதற்கு முன்னாலேயே, சத்தமாக "நைனா" என்று கூப்பிடு. பதில் வந்துவிட்டதே என்று நிறுத்தாதே, கூப்பிட்டுக்கொண்டே இரு. உன் குரல் வருகிற பக்கமாக அவரே திரும்பி, அவரே நடந்து உன்னிடம் வரட்டும். நீ எங்கே நிற்கிறாய் என்று நான் அவருக்குச் சொல்லும்படி மட்டும் வைத்துவிடாதே.

உன்
"ஏ பச்ச"