துப்பிவிட்டுத் திருப்பிச் சொல்லுங்கள், அக்கா

அக்கா,

இன்று காலை லிப்டில் நீங்கள் தடவும் அதே தைல வாசனை. ஆபீஸ் அவசரத்திலும் யார் தடவியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். என் புத்தி அப்படி.

வளைகுடாவுக்கு வந்து, அல் குசைஸ் கார்கோ ஆபீஸில் உங்கள் எதிர் மேஜைக்கு வந்த முதல் வாரமே எனக்கு உங்கள்மேல் சந்தேகம். நான் எதையாவது கைதவறிப் போட்டால் "சொய் நொய்" என்று உங்கள் ஹாங்காங் பாஷையில் முணுமுணுப்பீர்கள். திட்டு என்று புரிந்தது. என்ன திட்டு என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"அதிர்ஷ்டம் கெட்ட பொண்ணுன்னு அர்த்தம். என் மகளையும் இப்படித்தான் கூப்பிடுவேன்" என்று இங்கிலீஷில் விளக்கினீர்கள்.

நம்பவில்லை. மகளோடு நீங்கள் போனில் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதே சொல், கூடவே சிரிப்பு. "சனியனே, சாப்பிட வா" என்று என் அம்மா கூப்பிடுவது ஞாபகம் வந்தது. நான் அக்கா என்றதையும் வசவோ என்று நீங்கள் விசாரித்தது தனிக்கதை.

அதன்பின் வசவுகளைப் பண்டமாற்று செய்தோம். நான் மூதேவியைக் கொடுத்தேன். போகிற இடமெல்லாம் குடிகெடுப்பவளுக்குத் 'துடைப்ப நட்சத்திரம்' என்று நீங்கள் கொடுத்தீர்கள். எங்கள் கருநாக்கு உங்களுக்குக் காக்கை வாய். "கன்டெய்னர் இன்னிக்கு வராது" என்று நான் சொல்லிவிட்டால் போதும், "காக்கா வாய், துப்பிட்டுத் திருப்பிச் சொல்லு" என்பீர்கள். தூ தூ என்று துப்பி, "வந்துடும்" என்று சொல்லும்வரை விடமாட்டீர்கள்.

உங்கள் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, "சின்ன ஆபரேஷன்தான்" என்றீர்கள். சின்னதென்றால் மகள் எதற்கு ஹாங்காங்கிலிருந்து கிளம்பி வருகிறாள்? பிறகு சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"நான் திரும்பி வரலைன்னா என் மேஜையை நீ எடுத்துக்கோ. ஜன்னல் பக்கம், வெளிச்சமா இருக்கும்."

"துப்பிட்டுத் திருப்பிச் சொல்லுங்கக்கா" என்றேன்.

துப்பினீர்கள். அதோடு சரி. மகளின் பிளைட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். மறுபடி கேட்டேன், சிரித்தீர்கள். மறுநாள் மயக்கத்திலிருந்து நீங்கள் விழிக்கவே இல்லை.

டாக்டர் உங்களிடம் என்ன சொல்லியிருந்தார் என்று மகளிடம் கேட்டால் மழுப்புகிறாள். உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் மேஜைக்கு நான் இன்னும் மாறவில்லை. மாறினால் நீங்கள் சொன்னது பலித்ததாகிவிடும்.

பொய் சொன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தீர்களா? திரும்பி வந்துவிடுவேன் என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம், அக்கா. அதை மட்டும் நான் நம்பியிருப்பேன்.