அதே குரல், மூன்று படி கீழே

ஆவணி 9, திங்கள்

காற்று. கொடியில் போட்ட சேலை இரண்டு முறை மண்ணில் விழுந்தது. வாங்க வேண்டியவை: உளுந்து, கீபோர்டு அடாப்டர், இவருக்குத் தொண்டை மாத்திரை.

ஞாயிறு சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் நினைவு இன்னிசை. மறைந்த பின்னணிப் பாடகர், எங்களுக்குப் 'பெரியவர்', அவர் பாடிய சினிமாப் பாட்டுகள் மட்டும், அவர் குரலிலேயே. பாடுவது என் வீட்டுக்காரர், கீபோர்டு நான், தாளத்துக்கு ரிதம் பேடு செல்வம். பதினெட்டு வருஷமாக இதுதான் எங்கள் குழு. நோட்டீஸ் வந்துவிட்டது. 'அதே குரல்! அதே சுருதி!' சிவப்பு எழுத்து. இவரே எழுதிக் கொடுத்தாராம்.

அதே சுருதி இல்லை. நாலு வருஷமாகவே இல்லை. மேலே போனால் குரல் பிளக்க ஆரம்பித்ததிலிருந்து கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி இறக்கிக்கொண்டு வருகிறேன். முதலில் ஒரு படி, இப்போது மூன்று. விரல் அதே இடத்தில்தான் ஓடும், சத்தம் மட்டும் இறங்கும். இவருக்குத் தெரியாது. தறிக்கூடத்துச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்று மந்தமான காது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

11, புதன்

ஒத்திகை. இவர் வெந்நீர் குடிக்க உள்ளே போனதும் செல்வம் மெதுவாக, "மதினி, எத்தன நாளைக்கு மூடி வைப்பிய? அண்ணாச்சிட்ட சொல்லிருங்க."

"நீ சொல்லேன்."

"நானா? என்னயக் கொன்னே போடுவாவ."

இரண்டு பேரும் டீ குடித்தோம். உளுந்து மறந்துவிட்டது.

13, வெள்ளி

மூட்டம். மழை இல்லை.

ராஜபாளையத்திலிருந்து புல்லாங்குழல்காரர் வருகிறாராம். எல்லாம் பேசி முடித்துவிட்டு என்னிடம் சொல்கிறார். "குழலு இருந்தாத்தான் களை கட்டும்ட்டி. ஒரிஜினல் சுருதிக்கே எடுத்துட்டு வாரேன்னுட்டாரு."

குழலில் சுருதி இறக்கப் பட்டன் கிடையாது.

சாப்பிடும்போது சொல்லிவிட வாயைத் திறந்தேன். தட்டு விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மோர் ஊத்தட்டா?"

கோழை நான்.

15, ஞாயிறு

கூடம் நிறைந்து, நாற்காலி பக்கத்து மண்டபத்திலிருந்து வந்தது. முன் வரிசை முழுக்கத் தறிக்கூடத்து ஆட்கள். குழல்காரர் சுருதி கேட்டார். ஒரிஜினலில் வைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

முதல் இரண்டும் தாழ்ந்த பாட்டு, தப்பித்தோம். மூன்றாவதில் சரணம் ஏறுகிற இடம். பிளந்துவிட்டது. மறுபடி எடுத்தார். வெறும் காற்று. பின்னால் யாரோ, "பெரியவருக்குச் சளி பிடிச்சிட்டோவ்!" சிரிப்பு.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மைக்கில், "மன்னிக்கணும். கீபோர்டுல சுருதி ஏறிக் கெடக்கு. வீட்டம்மா கவனிக்கல."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறார்.

எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். பட்டனை மூன்று முறை அமுக்கினேன். குழல்காரர் என் விரலைப் பார்த்தார், குழலை மடியில் வைத்துக்கொண்டார். கடைசி வரை எடுக்கவில்லை.

இவர் பாடினார். எவ்வளவு நன்றாகப் பாடினார்! விசில், கைதட்டல். எனக்கு அழுகை வந்தது, பாட்டுக்கு அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

16, திங்கள்

காற்று நிற்கவில்லை. உளுந்து வாங்கியாயிற்று.

காலையில், "சுருதிய மாத்தாத, மாத்தாதன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன். நாலு பேரு முன்னால மானம் போச்சு."

"இனிமே மாத்தல."

தறிக்குப் போய்விட்டார். கீபோர்டைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். எது அந்தப் பட்டன் என்று இவர் செல்வத்திடம் கேட்டிருப்பார் போல. ஒரிஜினலில் வைத்து, பட்டன் மேல் வெள்ளை டேப், நாலு அடுக்கு. பேனாவால் 'தொடாதே' என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த நிகழ்ச்சி சிவகிரியில், இன்னும் மூன்று வாரம்.