சிவப்புத் துணிக்கு எழுந்தவன்

என் மத்ரேத்துக்கு, செம்பு மலையிலிருந்து உன் புருஷன் பில்கான் சொல்லச் சொல்ல, கழுதை வணிகர் எழுதுவது. நம் தெய்வம் உன்னையும் பிள்ளைகளையும் நிழலில் வைத்திருக்கட்டும். கிழட்டு ஆட்டுக்குக் கால் தேறிவிட்டதா?

நான் நலம். சுரங்கத்திலிருந்து என்னைச் செம்பு உருக்கும் உலைக்கு மாற்றிவிட்டார்கள். உலைக்காரர்களுக்கு இங்கே தனி மதிப்பு. கடல் மீனும் ஆட்டுத் தொடையும் எங்களுக்கு. குழிக்குள் கல் உடைப்பவர்களுக்குக் கூழும் எலும்பும். உடுத்தச் சிவப்புச் சாயத் துணி வேறு கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் நீ சிரிப்பாய்.

உன் தம்பி கெரான் இன்னும் குழியில்தான். சுகமாக இருக்கிறான், கொஞ்சம் இருமல் மட்டும். நேற்று என் பங்கு மீனை அவனுக்குக் கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழிக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவனும் நின்றான்.

"உக்காரு மாப்ள, நான்தானே," என்றேன்.

"உங்களுக்கு யாரு மச்சான் எந்திரிச்சா? துணிக்கு எந்திரிச்சோம். செவப்புத் துணி நிக்கையில நாங்க உக்காந்தா மேஸ்திரி தோல உரிச்சிருவாரு. சீக்கிரம் கெளம்புங்க, கூழு ஆறுது," என்று சிரித்தான்.

மீனை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பாறை மறைவிலிருந்து எட்டிப் பார்த்தேன். கெரான் அப்போதுதான் உட்கார்ந்து, மீனை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இருமலுக்குத் தேன் அனுப்பு. வணிகர் அவசரப்படுகிறார், முடிக்கிறேன். இன்னொன்று: கூடாரத்தில் என் பழைய ஆட்டுமயிர்ப் போர்வை கிடக்கும், சாயம் போடாதது. கிழிசலைத் தைக்க வேண்டாம், அப்படியே கொடுத்துவிடு. அதைப் போர்த்திக்கொண்டு போனால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிடலாம்.