உங்கள் கோப்பிலிருந்த ஒரேயொரு பத்திரம்

அக்கா,

இன்று காலை பக்கத்து வளவில் பழைய கொப்பிகளை எரித்தார்கள். புகை மணம் வந்ததும் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினேன். மனைவி ஏனென்று கேட்டாள். கண் எரிகிறது என்றேன்.

வவுனியாவில் நாம் வேலை பார்த்த பல்கலைக்கழக அலுவலகத்தில் நான் புது லிகிதர். நீங்கள் தற்காலிகச் சிற்றூழியர். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எந்தக் கோப்பு எந்த அலுமாரியில் இருக்கிறதென்று எல்லோரும் உங்களைத்தான் கேட்போம். மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பிக் கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தீர்கள். அடையாள அட்டை வழியில் தொலைந்துவிட்டது. இந்த நாட்டுக்காரி என்று காட்ட மிஞ்சியது பிரஜாவுரிமைப் பத்திரம் மட்டும்தான்.

“கொட்டில் ஒழுகுது தம்பி. இது என்னோட பைல்லயே இருக்கட்டும்” என்று தந்தீர்கள். நான்தான் அதைக் கோர்த்து வைத்தேன்.

பிறகு கணினியும் ஸ்கேனரும் வந்தன. கோப்புகளைக் கணினியில் ஏற்றிவிட்டுக் கடதாசிகளை எரிக்கச் சொன்னார்கள். எரிக்குமுன் மூலப் பத்திரங்களைப் பிரித்தெடுப்பது என் பொறுப்பு. விரிவுரையாளர்களின் கோப்புகளை ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். சிற்றூழியர்களின் கட்டு வந்தபோது, இதுகளில் என்ன இருக்கப்போகிறது என்று அப்படியே தள்ளிவிட்டேன்.

பின்வளவுக்கு அந்தக் கட்டுகளைச் சுமந்துபோனது நீங்கள்தான். நெருப்பருகே நின்று, “என்னோடத எடுத்து வச்சிட்டீங்களா தம்பி?” என்று கேட்டீர்கள்.

“ஓம் அக்கா, எல்லாம் கொம்பியூட்டருக்குள்ளை பத்திரமா இருக்கு” என்றேன். நம்பி, ஒரு தடியால் கிளறி நன்றாக எரிய விட்டீர்கள்.

அடுத்த வருடம் உங்கள் மார்பில் கட்டி கண்டார்கள். கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். வவுனியாவைத் தாண்டிப் போக இராணுவத்தின் பாஸ் வேண்டும்; பாசுக்கு அடையாள அட்டை வேண்டும்; அட்டைக்கு அந்தப் பத்திரம் வேண்டும். கணினியில் அது தெளிவாகவே இருந்தது, முத்திரைகூடத் தெரிந்தது. அச்செடுத்துத் தந்தேன். “ஒறிஜினலைக் கொண்டு வாங்கோ” என்று அடையாள அட்டை அலுவலகத்தில் திருப்பியனுப்பினார்கள். மூன்றாம் முறையும் நீங்கள் அதே தாளோடு திரும்பி வந்தபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

நீங்கள் கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்து அந்தத் தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, “அப்ப நான் யாருன்னு இனி யார் தம்பி சொல்லுவா?” என்றீர்கள்.

பத்திரத்துக்குப் புதுப் பிரதி கேட்டுக் கொழும்புக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மாரி தொடங்கியது. நீங்கள் வேலைக்கு வருவது நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை முகாமிலேயே போய்விட்டீர்கள்.

மறுநாள் உங்கள் மகள் வந்தாள். செத்தவீட்டில் வைக்க உங்கள் படம் ஒன்றுகூட இல்லையாம். உங்கள் வேலை விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைக் கணினியில் பெருப்பித்து அச்செடுத்தேன். முகம் முழுக்கச் சாம்பல் கோடுகள். அதையும் இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

“பெரிய உதவி சேர். தம்பி எனக்காக எவ்வளவோ அலையுதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க” என்றாள்.

அவளிடம் நீங்கள் எதையுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நானும் சொல்லவில்லை. இன்றும் தெருவில் கண்டால் சைக்கிளை நிறுத்தி, இறங்கி நின்று என்னைக் கும்பிடுகிறாள். நானும் கும்பிட்டுவிட்டுப் போகிறேன், அக்கா.